எந்த ஃபைல் முதலில் வேண்டும்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று எட்டு மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். அக்காவிடம் கேட்டபோது, "தாராளமா எழுது, ஆனா அந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல ஓடின வரிகளையும் சேர்த்து எழுது" என்றாள். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அக்காவின் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அன்று என் மேசையில் இருந்தது. ஒரு டெராபைட், கைக்கு அடக்கமான 2.5 இன்ச் வகை. "ஃபோல்டர் திறக்கவே ரொம்ப நேரம் ஆகுது, ஒரு ரெக்கார்டிங் பாதியில நின்னுபோகுது, என்னன்னு பாரேன்" என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எதுவும் என்னிடம்தான் வரும். நான் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, டிஸ்க்கின் பிழைகளைத் தேடும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓடவிட்டேன். வெறுமனே பார்த்துச் சொல்லும்படி விட்டிருக்கலாம், அப்படி விடவில்லை. செக்டர் செக்டராக (டிஸ்க்கில் டேட்டா வைக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்) படித்து, கண்ட பிழையை எல்லாம் அங்கேயே திருத்தும் 'ஆர்' ஸ்விட்சையும் சேர்த்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வரிகள் ஓடத் தொடங்கின. இன்ன எண்ணுள்ள ஃபைல் பதிவு கெட்டிருக்கிறது, நீக்கப்படுகிறது. இன்ன ஃபோல்டரின் அட்டவணையில் இன்ன பெயர், நீக்கப்படுகிறது. அடுத்தது, நீக்கப்படுகிறது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை நான் படிக்காமல் இல்லை. படித்தேன், பொருளும் தெரியும், ஆனாலும் திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அந்த வரிகளில் ஒன்றில் அக்காவின் மிக முக்கியமான ஃபைலின் பெயரும் இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்திருப்பேன்.

சரிசெய்வதும் மீட்பதும் ஒரே வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். செக்டிஸ்க் போன்ற ஒரு கருவிக்கு நம் ஃபைல்கள் மேல் எந்த அக்கறையும் கிடையாது. ஃபைல் சிஸ்டத்தின், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்னும் ஏற்பாட்டின், கணக்கு நேராக வரவேண்டும், அதற்கு அவ்வளவுதான். ஒரு பதிவைப் படிக்க முடியவில்லை என்றால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மீதிக் கணக்கு நேராகிவிடும். அதன் பார்வையில் அது சரியான வேலை. நல்ல டிஸ்க்கில் கரண்ட் போய் ஏதோ சின்னக் குழப்பம் ஆகியிருந்தால் அது உதவும்கூட. ஆனால் டிஸ்க்கே செத்துக்கொண்டிருக்கும்போது படிக்க முடியாமல் போன பதிவு கெட்ட பதிவு ஆகாது, இன்னொரு முறை முயன்றால் வரக்கூடிய பதிவு அது. அதைப் போய் நீக்கச் சொல்லி நானே உத்தரவு போட்டேன்.

197-ம் எண்

அதற்கு முன்னால் நான் ஒன்றும் பார்க்காமல் குதிக்கவில்லை. டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களைத் திறந்து பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல் அது. எல்லோரும் முதலில் பார்ப்பது 5-ம் எண், அதாவது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் எத்தனை என்பது. அங்கே பூஜ்யம் இருந்தது. டிஸ்க் நல்லாத்தான் இருக்கிறது, விண்டோஸ்தான் குழம்பியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கீழே 197-ம் எண்ணுக்கு நேராக 300-க்கு மேல் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

அந்த 197 என்பது பென்டிங் செக்டர். படிக்க முடியவில்லை, ஆனால் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை என்று டிஸ்க் ஓரமாக வைத்திருக்கும் இடங்கள். ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது டிஸ்க் உடனே அதை மாற்றிவிடாது, ஏனென்றால் உள்ளே என்ன இருந்தது என்று அதற்கே தெரியாது, பழைய டேட்டாவை விட்டுவிட்டு மாற்று இடம் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். அடுத்த முறை அந்த இடத்தில் யாராவது புதிதாக எழுதும்போதுதான் சோதித்துப் பார்த்து மாற்றும், அப்போதுதான் 5-ம் எண் ஏறும். அக்காவின் டிஸ்க்கில் யாரும் பழையதை அழித்துப் புதிதாக எழுதுவதில்லை. ஒரு முறை போட்டு வைப்பாள், பல வருடம் அப்படியே இருக்கும், எப்போதாவது எடுத்துக் கேட்பாள். அந்த மாதிரி டிஸ்க்கில் 5-ம் எண் பூஜ்யமாகவே இருக்க, 197 மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் பலருடைய டிஸ்க்கும் இப்படித்தான் இருக்கக்கூடும். 5-ஐ மட்டும் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லும் என்னைப் போன்றவர்கள் அவர்கள் வீட்டிலும் இருப்பார்கள்.

அன்று செய்திருக்க வேண்டியது என்னவென்று இப்போது தெரியும். எதையும் திருத்தாமல், மவுன்ட்கூடச் செய்யாமல் (ஃபைல்களைத் திறக்கும்படி இணைக்காமல்), லினக்ஸில் மாட்டி டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு இமேஜ், அதாவது பைட்டுக்குப் பைட் நகல், எடுத்திருக்க வேண்டும். அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய இலவச நிரல் அது. அதன் அறிவெல்லாம் அது படிக்கும் வரிசையில் இருக்கிறது. சுலபமாக வருவதை எல்லாம் முதல் சுற்றில் வாரிக்கொள்ளும், சிக்கலான இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகும், எங்கே எதை விட்டோம் என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துவைக்கும். நல்ல பகுதி எல்லாம் பத்திரமான பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரங்களைச் செதுக்கும். நடுவில் கரண்ட் போனாலும் மேப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். செக்டிஸ்க்கோ கெட்ட இடத்தில் போய் நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்பப் படித்தது. 11 சதவீதத்தில் ஒரு மணி நேரம் நின்றது. பலவீனமான ஒரு ஹெட்டை, அதாவது டேட்டாவைப் படிக்கும் நுனியை, ஒரு மணி நேரம் அதே இடத்தில் இழுத்து அடித்தது நான்தான்.

அந்தச் சத்தம்

பிறகு சத்தம் வந்தது. டிக், ஒரு சின்ன இடைவெளி, டிக், மறுபடி டிக். பிறகு மோட்டார் சுழல்வது தணிந்து, மீண்டும் எழுந்து, மீண்டும் டிக். இதைப் பற்றி எத்தனையோ படித்திருந்தாலும் நம் கையில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து கேட்கும்போது வயிறு என்னவோ செய்கிறது. டேட்டா பதிந்திருக்கும் சுழலும் தட்டான பிளாட்டரில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஹெட் படிக்கும் சர்வோ குறிகள் என்று உண்டு. அவை தெரியவில்லை என்றால் டிஸ்க் ஹெட்டைத் தாங்கும் கையைப் பின்னால் இழுத்து மறுபடி முயற்சி செய்யும். அந்த இழுப்பின் சத்தம்தான் அது. கண் தெரியாமல் போன ஒருவர் அறையில் சுவரைத் தேடித் தடவுவதுபோல.

அந்த நேரத்தில் ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன், வயரைப் பிடுங்கினேன். அதற்கப்புறம் தொடவில்லை. "ஃப்ரீசர்ல வச்சு எடுத்துப் பாரு, வேலை செய்யும்" என்று நண்பர் ஒருவர் அக்கறையோடு சொன்னார். குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் படியும், சுழலும் பிளாட்டரில் அது படிந்தால் ஹெட்டுக்கு அதுவே முடிவு. அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கிப் பச்சை சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றிப் போடலாமா என்றும் தோன்றியது. பழைய டிஸ்க்குகளில் அது நடந்தது. இப்போதெல்லாம் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் ஹெட்டுகளுக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதிய எண்கள் போர்டில் இருக்கும் சின்ன ரோம் (ROM) சிப்பில் இருக்கின்றன, அதையும் எடுத்து மாற்றாவிட்டால் புது போர்டு அந்த ஹெட்டுகளோடு பேசாது. மூடியைத் திறந்து பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹெட் பிளாட்டருக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, தலைமுடியின் தடிமன் அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. கீழே பிளாட்டர் நொடிக்கு 90 முறை சுற்றுகிறது. நம் அறையில் மிதக்கும் ஒரு தூசி அங்கே ஒரு பாறை.

டேட்டா ரெக்கவரி செய்யும் ஒரு லேபுக்கு அனுப்பினோம். அக்காவிடம் செக்டிஸ்க் ஓட்டியதை அப்போது சொல்லவில்லை. "டிஸ்க் போயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அந்தப் பத்து நாள் நான் சரியாகத் தூங்கவில்லை.

போனில் வந்த கேள்வி

லேப் இன்ஜினியர் போன் செய்தார். நிதானமாகப் பேசுகிறவர். நான்கு ஹெட்டுகளில் ஒன்று போய்விட்டது, மூன்று பரவாயில்லை, டோனர் டிஸ்க், அதாவது உதிரிப்பாகத்துக்காக எடுக்கும் அதே வகை டிஸ்க் ஒன்றிலிருந்து ஹெட் எடுத்து மாற்றப் போகிறோம் என்றார். பிறகு கேட்டார்: "மாத்தின ஹெட் எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது சார். நாள் முழுக்கவும் ஓடலாம், பத்து நிமிஷத்துல போகவும் போகலாம். அதனால எந்த ஃபைல் முதல்ல வேணும்னு வரிசையா சொல்லிடுங்க. அந்த வரிசையிலதான் எடுப்போம்."

"எல்லாமே வேணும்" என்றேன்.

"எல்லாமேன்னா தொடக்கத்திலிருந்து படிச்சுட்டே போகணும். அதுல உங்களுக்குத் தேவையே இல்லாததும் வரும், அதுக்கும் ஹெட் உழைக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க, நாளைக்குச் சொன்னாலும் போதும்."

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வருடமோ இரண்டு வருடமோ பார்த்துப் பழகிய டிஸ்க் இல்லை அது, ஒன்பது வருடம் நம் வீட்டு அலமாரியில் இருந்த டிஸ்க், நானே வாங்கிக் கொடுத்தது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "அக்காவோட ரெக்கார்டிங்" என்பதைத் தாண்டி ஒரு வரி சொல்ல முடியவில்லை. என் சொந்த டிஸ்க்கைப் பற்றிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. கிகாபைட் எவ்வளவு என்று தெரியும், எது இல்லாவிட்டால் எது வீணாகும் என்று தெரியாது.

அக்கா என்ன செய்கிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வயதானவர்களைச் சந்தித்து, அவர்கள் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசுவதை ஒலிப்பதிவு செய்கிறாள். யாரும் கேட்டுச் செய்வதில்லை, அவளாகச் செய்வது. மொத்தம் 412 பதிவுகள், பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி. பேசியவர்களில் பலர் இப்போது இல்லை. அப்படியென்றால் முதலில் வேண்டியது ஒலிப்பதிவுகள்தானே, அதில் பழையது முதலிலா புதியது முதலிலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் அவளுக்குப் போன் செய்தேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "'யார் யார்'னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். அது வந்தா போதும்."

"அக்கா, ரெக்கார்டிங்க்ஸ் எல்லாம்..."

"அதுவும் வேணும்தான்டா. ஆனா அந்த ஃபைல் இல்லாம ரெக்கார்டிங் வந்தா அதெல்லாம் யாரோட குரல்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுடைய ரெக்கார்டர் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் மட்டும்தான் வைக்கும். தேதியையும் நம்ப முடியாது, பேட்டரி கழற்றி மாட்டினால் அதன் கடிகாரம் ஆரம்ப தேதிக்குப் போய்விடும், அவள் பாதி நேரம் திருத்தமாட்டாள். 0147 என்றால் யார், என்ன வேலை பார்த்தவர், யார் மூலம் சந்தித்தாள், பெயரை வெளியே சொல்லலாம் என்றாரா வேண்டாம் என்றாரா, எல்லாம் அந்த 'யார் யார்' ஃபைலில் ஒரு பதிவுக்கு ஒரு வரியாக இருந்தது. ஒன்பது வருடத்தில் 412 வரி, மொத்தம் 80 கிலோபைட்டுக்குள். 250 கிகாபைட்டுக்கு மேல் குரல், அதற்குச் சாவி 80 கிலோபைட்.

போனை வைத்த பிறகு எனக்கு ஏதோ உறைத்தது. ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தானே வேலை செய்கிறது. விண்டோஸ் டிஸ்க்கில் எம்எஃப்டி என்று ஒரு பெரிய பதிவேடு உண்டு, எந்த ஃபைலின் பெயர் என்ன, அது எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில்தான். அது போய்விட்டால் டேட்டா எல்லாம் பிளாட்டரில் அப்படியே இருக்கும், ஆனால் எது யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். போட்டோரெக் போன்ற நிரல்கள் அப்போதும் ஃபைல்களைத் தோண்டி எடுத்துவிடும், தொடக்க பைட்டுகளைப் பார்த்து இது படம், இது ஆடியோ என்று கண்டுபிடித்துவிடும், பெயரும் ஃபோல்டரும் மட்டும் வராது. நான் செக்டிஸ்க் ஓட்டியபோது கிழித்தது இந்தப் பதிவேட்டின் பக்கங்களைத்தான். அக்கா பதிவேட்டின் அருமை தெரிந்தவள். அன்று மாலை நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இன்ஜினியர்கிட்ட இதைச் சொல்லிட்டியா?" என்றாள். சொல்லவில்லை. "முதல்ல அவருக்குச் சொல்லு, அவருக்குத்தான் இது தெரியணும்."

சொன்னேன். அவர் திட்டவில்லை, "நல்லவேளை சொன்னீங்க, அப்ப நீக்கப்பட்ட பதிவுகளையும் சேர்த்துத் தேடணும்" என்று மட்டும் சொன்னார்.

வந்ததும் வராததும்

மாற்றிய ஹெட் ஒரு நாளுக்கு மேல் தாங்கியது. பதிவேடு முதலில், அப்புறம் அக்கா சொன்ன ஃபைல், அப்புறம் ஒலிப்பதிவுகள் என்று அவர்கள் வரிசையாக எடுத்தார்கள். ஒலிப்பதிவுகள் எல்லாமே வந்தன, பாதிக்கு மேல் செக்டிஸ்க் உண்டாக்கிய 'ஃபவுண்ட்' ஃபோல்டருக்குள், ஆங்காங்கே சின்ன ஓட்டைகளோடு. அந்த ஓட்டைகள் ஏன் எல்லா ஃபைலிலும் பரவலாக இருக்கின்றன என்று இன்ஜினியர் விளக்கினார். டிஸ்க் ஒரு பிளாட்டரின் ஒரு பக்கத்தை முழுக்க நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை, ஒரு பக்கத்தில் ஒரு பட்டை, அடுத்த பக்கத்தில் ஒரு பட்டை என்று மாறி மாறி எழுதுகிறது. அதனால் ஒரு ஹெட் பழுதானால் பெரிய ஃபைல்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் காயப்படும். சின்ன ஃபைல் அப்படியில்லை, ஒரே பட்டைக்குள் அடங்கிவிடும், ஒன்று முழுசாக இருக்கும், அல்லது முழுசாகப் போயிருக்கும்.

2003-ல் கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறியபோது கீழே விழுந்து கிடைத்த ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கிட்டத்தட்ட 99 சதவீத டேட்டாவை எடுத்தார்கள், செனான் வாயுவைப் பற்றிய ஒரு சோதனையின் முடிவுகள் அதில் இருந்தன, 2008-ல் அந்த ஆய்வு வெளியானது. வெளிப்பக்கம் உருகிக் கருகிய டிஸ்க் அது. பிளாட்டர்கள் வளையாமல் தப்பியது ஒரு காரணம், அந்தக் கணினி டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடியதால் டேட்டா அங்கங்கே சிதறாமல் ஒரே இடத்தில் கிடந்தது இன்னொன்று. இதை அந்த நாட்களில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். வானத்திலிருந்து விழுந்த டிஸ்க்கிலிருந்து வந்திருக்கிறது, என் மேசையில் பத்திரமாக இருந்த டிஸ்க்கிலிருந்து ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரவில்லை.

ஆமாம், 'யார் யார்' வரவில்லை. பதிவேட்டில் அதற்கான பதிவு செக்டிஸ்க்கால் காலி செய்யப்பட்டிருந்தது. அது சுட்டிய இடம் எதுவென்று தெரியாததால் அந்த இடம் படிக்கப்பட்ட பகுதியில் இருக்கிறதா, போன பட்டையில் இருக்கிறதா என்பதும் தெரியாது. இன்ஜினியர் வருத்தத்தோடுதான் சொன்னார். முழு டிஸ்க்கின் இமேஜையும் கேட்டேன், இன்னொரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்.

குரலில் ஒரு செக்டர் போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கா பதிவு செய்வது சுருக்காத ஸ்டீரியோ வேவ், சிடி தரம், நொடிக்கு 1,76,400 பைட். 4,096 பைட் உள்ள ஒரு செக்டர் போனால் ஒரு நொடியில் 43-ல் ஒரு பங்கு மௌனம், காது கண்டுகொள்ளாது. அதே 4,096 பைட் 'யார் யார்' ஃபைலில் போனால் இருபது பேர் காணாமல் போவார்கள்.

224, 174

இமேஜில் எங்கோ அந்த எழுத்துகள் கிடக்கின்றன, அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் கேள்வி. படத்துக்கு இருப்பதுபோல டெக்ஸ்ட் ஃபைலுக்குத் தொடக்க அடையாளம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த ஃபைல் தமிழில் இருந்தது. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறு எதுவும் வராது. அதாவது தமிழ் உரை பிளாட்டரில் 224, 174, ஏதோ ஒன்று, 224, 175, ஏதோ ஒன்று என்று ஒரு தாளம் போல ஓடும். படத்திலோ ஆடியோவிலோ இந்தத் தாளம் தற்செயலாக ஒரு முறை வரலாம், வரிசையாக நூறு முறை வராது. நம் மொழிக்கு இப்படி ஒரு கைரேகை இருக்கிறது என்பதை அன்றுதான் யோசித்தேன், யோசித்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இமேஜை 4,096 பைட் துண்டு துண்டாகப் படித்து, எந்தத் துண்டில் இந்தத் தாளம் நிறைய இருக்கிறதோ அதைத் தனியே எடுத்துவைக்கும் ஒரு சின்ன நிரல் எழுதினேன், முப்பது வரிகூட இருக்காது. இரண்டரை மணி நேரம் ஓடியது. ஆயிரக்கணக்கில் துண்டுகள் வந்தன. அக்காவின் கட்டுரை வரைவுகள், யாருக்கோ எழுதிய நீண்ட கடிதம் (படிக்காமல் ஓரமாக வைத்துவிட்டேன்), எப்போதோ சேமித்த இணையப் பக்கங்கள். அப்புறம் திரையில் "0019" என்று தொடங்கும் ஒரு வரி வந்தது, அதற்குக் கீழே 0020, 0021. அந்த ஃபைல் எனக்கு அதற்கு முன் அறிமுகம் இல்லை, ஆனாலும் பார்த்த மறுநொடி தெரிந்துவிட்டது.

அது கடைசிப் பிரதி இல்லை, பழைய பிரதிகளின் சிதறல். அவள் பயன்படுத்திய எடிட்டர் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புதிதாக ஒரு ஃபைல் எழுதிவிட்டுப் பழையதை அழிக்கும் வகை. அழிப்பது என்றால் ஹார்ட் டிஸ்க்கில் இடத்தைக் காலி என்று குறிப்பதுதான், மேலே வேறு ஏதாவது எழுதப்படும்வரை எழுத்து அங்கேயே இருக்கும். அப்படி ஒன்பது வருடத்துப் பிரதிகள் துண்டு துண்டாகக் கிடந்தன. அவற்றை ஒட்டும் வேலை மூன்று வாரம் எடுத்தது. ஒரு துண்டு எங்கே முடிகிறதோ அங்கே சில சமயம் ஒரு எழுத்தே பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், கடைசி பைட் 224 என்று நிற்கும், அப்படியானால் அதன் அடுத்த துண்டு 174-லோ 175-லோ தொடங்கியாக வேண்டும். அதை வைத்துக்கொண்டே பல துண்டுகளுக்கு ஜோடி கண்டுபிடித்தேன். வேறு வேறு வருடத்துப் பிரதிகளை ஒன்றின் ஓட்டையை இன்னொன்றால் அடைக்கலாம் என்று பார்த்தால் அவை நேராகப் பொருந்தவில்லை. அக்கா நடுவில் எங்கோ ஒரு பெயரில் விட்டுப்போன 'க்' ஒன்றைச் சேர்த்திருப்பாள், அது 'க'வும் புள்ளியுமாக 6 பைட், அதற்குப் பின் வரும் எல்லாமே 6 பைட் தள்ளிப்போயிருக்கும். அப்படித் தள்ளிப்போன அளவை வைத்தே எது முந்தைய பிரதி, எது பிந்தையது என்று தெரிந்துகொண்டேன். அவள் எந்தெந்தப் பெயரைத் திருத்தினாள், யாருடைய வரியில் பிறகு வந்து "காலமானார்" என்று சேர்த்தாள் என்பதெல்லாம் அந்தத் தள்ளலில் தெரிந்தது. ஒரு ராத்திரி அப்படி ஒரு சொல்லின் அளவு சரியாக 27 பைட் இடைவெளியில் பொருந்தியபோது கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

0001 முதல் 0331 வரை ஒரு வரி விடாமல் கிடைத்தது. அதற்கு மேல் எந்தத் துண்டும் இல்லை. மீதி 81 பதிவுகளை அக்கா ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பேச்சின் நடுவில் யாராவது ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா, பழைய வேலையிடத்தைப் பற்றி ஏதாவது வருமா என்று காத்திருந்து குறித்தாள். எழுபது பேரைக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போதெல்லாம் ரெக்கார்டரை ஆன் செய்ததும் எண்ணையும், பேசுகிறவரின் பெயரையும், பெயரை வெளியிட அவருக்குச் சம்மதமா என்பதையும் முதல் நிமிடத்திலேயே அவர் குரலிலேயே சொல்ல வைத்துவிடுகிறாள். ஃபைலின் பெயர் போனாலும் குரலுக்குள்ளேயே பெயர் இருக்கும். 'யார் யார்' மூன்று இடத்தில் இருக்கிறது, அதில் ஒன்று தாளில்.

பதினொரு பதிவுகள் இன்னும் யாருடையவை என்று தெரியவில்லை. அவற்றிலிருந்து ஒரு நிமிடத் துணுக்கு ஒவ்வொன்றாக வெட்டி அக்காவின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பட்டியலில் இருக்கும் மற்றவர்களைப் பார்க்கப் போகும்போது போட்டுக் காட்டுகிறாள். புதிய ஃபைலில் அந்தப் பதினொன்றுக்கும் வரி இருக்கிறது. நான் அடிக்கடி திறந்து பார்ப்பது இந்த வரியை:

0388 – பெண். எழுபதைத் தாண்டியிருக்கலாம். பின்னால் தையல் மிஷின் ஓடுகிறது, நடுவில் ஒரு முறை நிறுத்திவிட்டு என்னை "சாப்பிட்டியா" என்று கேட்கிறார். யார்?